ஒருவரை இருவராக்கினேன்

ரெனான் ஜெபக்கூட்டத்து அன்பானவர்களே, சென்ற வருடம் பங்குனியில் ஒரு ஞாயிறு காலை நான் எழுந்து நின்று சாட்சி சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜெனீவாவில் வேலை பழகும் இடத்தில் கர்த்தர் என்னை உயர்த்தினார் என்றேன். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி பொய்யாகிப் போனது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

நான் பல்கலைக்கழக மாணவி. ஒரு ஆய்வு நிலையத்தில் ஆறு மாதம் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பேராசிரியை இலங்கைப் பெண்களின் வேலை பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கான கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் தேடி எடுத்து, சுருக்கம் எழுதி, பட்டியலில் சேர்ப்பது என் வேலை. அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழில் இருந்தவற்றை என்னிடமே விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் அழுது அழுது போன தமிழ்ப் பள்ளிக்கூடம் கடைசியில் கைகொடுக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட ஒரு பழைய ஆய்வேடு கிடைத்தது. முகப்புப் பக்கம் இல்லாத பிரதி. நூலகப் பதிவில் எழுதியவர் பெயர் ‘சின்னத்தம்பி, மா.’ என்றிருந்தது. பிறகு வந்த ஒரு கட்டுரையில் ‘மா. பரமேசன்’ என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பந்தி பந்தியாக ஒரே எழுத்து. பரமேசன் என்பவர் சின்னத்தம்பியிடமிருந்து திருடிவிட்டார் என்று முடிவு கட்டினேன். (பெயர்களை மாற்றியே எழுதுகிறேன். ஒருமுறை ஒருவரின் பெயரோடு விளையாடியது போதும்.)

வெள்ளிக்கிழமை அதைப் பேராசிரியையிடம் காட்டினேன். அவர் அதிர்ந்து போனார். அந்தக் கட்டுரையை எழுதியவர் அடுத்த மாதம் ஜெனீவாவில் ஒரு கருத்தரங்கில் பேச அழைக்கப்பட்டிருந்தார். நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும், அழைப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றார். எனக்கும் நன்றி சொன்னார். அந்த நன்றியைத்தான் ஞாயிறு காலை உங்கள் முன் கொண்டுவந்து கர்த்தரின் கிருபை என்றேன்.

அன்று மத்தியானமே அது உடைந்தது. அக்காவுக்குக் கலியாணப் பதிவு நெருங்கிக்கொண்டிருந்தது. பெயரை மாற்றுவதா விடுவதா என்று சாப்பாட்டு மேசையில் கதை வந்தது. அம்மா சோறு போட்டபடி சொன்னார்.

“கலியாணம் முடியும் மட்டும் நான் என்ர ஐயான்ர பேர். பிறகு உங்கட அப்பான்ர பேர். ஊரில சோதனை பாஸ் பண்ணின சேர்ட்டிபிக்கட்டைக் கொண்டுபோய்க் காட்டினா, அது நான்தான் எண்டு இஞ்ச ஒருத்தரும் நம்பேல்லை.”

சோற்றில் வைத்த கையை எடுத்தேன். அந்தச் சேர்ட்டிபிக்கட்டைக் காட்டிய அலுவலகத்துக்கு அம்மாவோடு மொழிபெயர்க்கப் போனதே நான்தான். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று விளங்காத அந்த அலுவலரை வீடு வரும்வரை திட்டிக்கொண்டு வந்தவளும் நான்தான். ‘மா.’ ஒரே பெண்ணாகவும், சின்னத்தம்பி அவர் தகப்பனாகவும், பரமேசன் அவர் கணவனாகவும் இருந்தால், இப்போது அதே வேலையை நானே இன்னொரு பெண்ணுக்குச் செய்திருக்கிறேன்.

எழுந்து போய்க் கட்டுரையைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு: இது என் முதுகலை ஆய்வேட்டின் ஒரு பகுதி. அதன் கீழே அவருடைய மின்னஞ்சல் முகவரி. அடிக்குறிப்பு வாசிப்பதுதான் என் வேலை. அதை மட்டும் நான் வாசிக்கவில்லை.

அறைக் கதவைச் சாத்திவிட்டு ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? அந்தக் கடிதம் எப்படியாவது தொலைய வேண்டும், ஆனால் பிழை என்னுடையது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. பேராசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசிவரை அனுப்பவில்லை. மனதில் ஒரு துளி சமாதானமும் வரவில்லை.

திங்கள் காலை ரயிலில்தான் வாய் திறந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு அழுகை அடங்கவில்லை. “ஆண்டவரே, என்ர மானம் போனாப் போகட்டும். அந்தக் கட்டுரை எழுதின அம்மான்ர மானம் போகக் கூடாது. கடிதம் போகாமல் இருந்தா நானே எல்லாத்தையும் சொல்லிறன்” என்றேன். என் வாழ்க்கையில் எனக்காக இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது என்று நினைக்கிறேன்.

நிலையத்துக்குள் போனேன். கடிதம் என் மேசையில் இருந்தது. கண்டுபிடித்தது நான் என்பதால் என் கையெழுத்தும் வேண்டும் என்று பேராசிரியை நிறுத்தி வைத்திருந்தார். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். கேட்டு, கடிதத்தை என் கையிலேயே தந்தார். இனி ஓட வழியில்லை.

கடிதத்தோடு போய் உள்ளதைச் சொன்னேன். பேராசிரியை கடிதத்தை வாங்கிக்கொண்டார். பிறகு, கலியாணத்தோடு பெயர் இப்படி மாறும் என்பது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும், என் அம்மாவின் பெயரும் அப்படித்தான் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அதன் பிறகு என் பட்டியலை இன்னொருவர் சரிபார்த்த பின்பே ஏற்றுக்கொண்டார். நியாயம்தான்.

அடுத்த மாதம் அந்த அம்மா கருத்தரங்குக்கு வந்து பேசினார். தேநீர் இடைவேளையில் என் முகத்தைப் பார்த்ததும் அருகில் வந்து, “தமிழ்ப் பிள்ளையோ? ஆற்ற மகள்?” என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரயிலில் கொடுத்த வாக்கு நிறுத்தவிடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

“கீழ என்ர மின்னஞ்சல் கிடந்ததெல்லோ, பிள்ளை. ஒருக்காக் கேட்டிருக்கலாமே.”

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. போகும்போது என் தோளில் கைவைத்துவிட்டுப் போனார். அந்தக் கையின் பாரம் இன்னும் இருக்கிறது.

இப்போது ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுமுன் அவரிடமே கேட்டுவிடுகிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் நித்திரை வருகிறது.

பிரியமானவர்களே, வெட்கத்தில் இருப்பவர் யாராவது இதை வாசித்தால், ஒளியாமல் ஆண்டவரிடம் போங்கள். உங்கள் வெட்கத்தை அவர் மூடி மறைக்கமாட்டார், ஆனால் அதனால் இன்னொருவர் கெட்டுப்போகாமல் காப்பார். எனக்கு அப்படித்தான் செய்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

போன முறை என் பெருமைக்குக் கைதட்டினீர்கள். இந்த முறை கைதட்ட வேண்டாம். நான் பெயர் சொல்லாத அந்த அம்மாவுக்காக ஒரு நிமிடம் ஜெபியுங்கள்.