வாப்பாவுக்குக் கிடைத்த தங்க அட்டை

2025 பெப்ரவரி பதினோராந் திகதி, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் சிறு விமானத்தில், தங்க அட்டைப் பயணிக்குரிய இருக்கையை ஸுஹைராவுக்குத் தர நிறுவனம் மறுத்தது. நிறுவனத்தின் மீது அவளுடைய குற்றச்சாட்டு இதுதான்.

எத்தாளையில் கடற்பாசி வளர்க்கக் கற்றுக்கொடுப்பவள் ஸுஹைரா. அதே வேலைக்காக யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி பறந்ததால் அந்த அட்டை கிடைத்தது. உள்நாட்டுப் பயணத்தில் அதற்கு ஓய்வறையும் கிடையாது, உபசாரமும் கிடையாது. விமானம் நிறைந்திருந்தாலும் ஓர் இடம் உறுதி என்பதே அதன் முழுப் பெறுமதி. அன்று அந்த இடம் அவளுக்கு அவசியமாயிருந்தது. யாழ்ப்பாணத்தில் தங்கை ஷிஹாராவுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது.

விமான நிலையத்தில் பயணச்சீட்டுக் கருமபீடத்து இளைஞன் அட்டையைப் புரட்டிப் பார்த்தான்.

"திரு. அப்துல் ஜப்பார் எண்டிருக்கே மிஸ். சேர் வரேல்லையா?"

"அவர் வந்தா நான் பயந்து ஓடிருவன், தம்பி. அவர் என்னப் பெத்தவர், மவுத்தாகிப் பத்து வருசம். எங்கட ஆக்கள் வாப்பாட பேர முன்னுக்குப் போடுவாங்க. நீங்க அவருக்கே கார்ட் அடிச்சிட்டீங்க."

இளைஞன் சிரித்தான்; இடம் மட்டும் தரவில்லை. அவள் பஸ்ஸில் போய்ச் சேருமுன் பெண் குழந்தை சுகமாகப் பிறந்திருந்தது.

"பிள்ளைட நாப்பதாம் நாள் விசேசத்துக்காவது நேரத்துக்கு வாங்க ராத்தா," என்றாள் ஷிஹாரா.

"வாப்பாவ எறக்கிட்டு நான் ஏறுறன், பாரு."

வீடு திரும்பியதும், சேர்த்துவைத்த பயணச்சீட்டுகள் அனைத்தினதும் பிரதிகளை இணைத்து ஸுஹைரா விமான நிறுவனத்துக்கான முறைப்பாட்டுக் கடிதத்தை முடித்தாள்: "அட்டை என் பெயருக்கு மாற்றப்பட வேண்டும். மார்ச் பதினைந்தாந் திகதிக்கு முன்னர் எழுத்துமூலம் பதில் தரவும்."