தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடி மாதம் என்று ஞாபகம். எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு பாலக்கரையிலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போயிருந்தேன். அவனுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, காலையில் இரண்டு தும்மல் தும்மினான். எனக்கு அது போதும். எங்கள் பக்கத்து டாக்டர்கள் எல்லாம் என் தலையைக் கண்டாலே சலித்துக்கொள்ள ஆரம்பித்திருந்ததால்தான் ஆற்றைத் தாண்டிப் புது ஆளைத் தேடிப் போனேன்.

அவன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள். இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், தொடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் மாமியார், தவிட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எங்களிடம் அது வழக்கம்தான். பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒரு முறம் தவிட்டை என்னிடம் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அப்புறம், வளர்த்துக் கொடு என்று என் மடியிலேயே திருப்பிப் போட்டார். அடுத்தவர் பிள்ளை என்றால் எமன் தேடி வரமாட்டானாம். டீச்சரம்மா சர்ச்சுக்குப் போகிறவர், எங்கள் மனசுக்காகச் செய்தார். எல்லாரும் அன்றைக்குச் சாயங்காலமே அதை மறந்துவிட்டார்கள்.

நான்தான் மறக்கவில்லை. "என் பிள்ளை" என்று வாய்விட்டுச் சொன்னால் போய்விடுவானோ என்று பயம். கொஞ்சினதே இல்லை. "டீச்சர் வீட்டுப் பிள்ளை" என்றுதான் கூப்பிடுவேன், வேடிக்கை என்று நினைத்து எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவன் ஸ்கூல் வாசலில் போய் நிற்பேன். கொழுகொழுவென்று ஓடுகிற பிள்ளையைப் பார்த்து நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று எனக்கே புரியாது. "எட்டு வருஷம் ஆச்சுடி, இன்னுமா?" என்பார் என் கணவர்.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "பையனோட அம்மாதானே நீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இல்லீங்க, பக்கத்து வீடு" என்றேன்.

ஏன் சொன்னேன்? இன்று வரை தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப எங்கம்மா யாரும்மா?"

அவன் அழவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "யாரு பிள்ளைம்மா இது?" என்று டாக்டரின் குரல் மாறியது. பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்தாரோ என்னவோ! தவிடு, கண்ணாடிப் பெட்டி, எமன் என்று முன்னுக்குப் பின்னாக உளறிக் கொட்டினேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்த இருபத்திரண்டு நாளும் உங்களை யாராவது, எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்களா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். குழந்தை எடை ஏறியதா என்று ஊரே கேட்டது. என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

"பையன் எப்பவோ பொழைச்சுட்டான். அடுத்த வாரம் நீங்க மட்டும் வாங்க" என்றார். காய்ச்சல் இல்லாமல் டாக்டரிடம் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். பதில் தெரியாமலேயே நாலைந்து மாதம் போய் வந்தேன். பெரும்பாலும் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த முதல் நாள் திரும்பும்போது பஸ்ஸில் மகன் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தான். "நான்தான்டா உன் அம்மா" என்று சொல்ல, பாலம் தாண்டும்வரை எனக்கு வாய் வரவில்லை. சொன்ன பிறகும், ஏதாவது ஆகிவிடுமோ என்று வீடு வரும்வரை அவன் கையை விடவில்லை.

இப்போது அவன் காலேஜுக்குப் போகிறான். பயம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவனைக் காப்பாற்றத்தான் அப்படி ஒதுங்கி நின்றேனா, இல்லை, போய்விட்டால் வலிக்கக் கூடாதே என்று என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா என்று இன்னும் எனக்குக் குழப்பம்தான். எதுவானாலும், அந்த எட்டு வருஷம் அவனைக் கொஞ்சாமல் விட்டதை இனி நான் எப்படி அவனுக்கு ஈடு செய்வேன்?