ஷட்டர் திறக்கிறது, தள்ளி நில்லுங்கள்

அணைக்கட்டில் அறிவிப்பு வேலை என்பது, "தள்ளிப் போங்கள்" என்று மைக்கில் சொல்லி ஊரையே பக்கத்தில் வரவழைப்பது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து கிழக்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் அணை. என் ஆத்துக்காரர் அணை ஆபீஸில் கிளார்க். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்து, கான்வென்டில் படித்து, கோவில் குளத்தைவிடப் பெரிய தண்ணீரில் கால் நனைத்திராத நான், கல்யாணமாகி அணைக்குக் கீழே இருக்கும் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். மகள் மின்னு தூங்கின பிறகு இதை எழுதுகிறேன். ஜன்னல் வழியாக அணைச்சுவர் தெரிகிறது. நானும் தூங்கிவிட்டால் அதை யார் பார்த்துக்கொள்வது?

நீச்சல் தெரியாதவருக்கு முன்னுரிமை

டிக்கெட் கவுண்டருக்கும் மைக்குக்கும் சேர்த்து ஓர் ஆள் தேவைப்பட்டது. மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் வாசிக்கத் தெரியவேண்டும். கான்வென்டில் எலக்யூஷன் பரிசு வாங்கியவள் என்று ஆத்துக்காரர் போய் அளந்துவிட்டு வந்திருந்தார். ஓவர்சியர் சார் ஒரு நோட்டீஸைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திருப்தி. அப்புறம் அணை மேல் ஒரு நடை கூட்டிக்கொண்டு போனார்.

பாதி தூரத்தில் என் கால் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மலை வரைக்கும் தண்ணீர். மறு பக்கம், கீழே தீப்பெட்டி மாதிரி எங்கள் குவார்ட்டர்ஸ். அதில் மின்னு இருக்கிறாள். கைப்பிடிக் கம்பியை விடாமல், எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம், வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சார் சிரித்தார். "பயமில்லாத ஆள் இங்க நெறைய உண்டு, கேட்டோ. ஞாயித்துக்கிழமை வந்தா செல்ஃபி எடுத்துட்டு நிப்பாங்க. எனக்கு ஒரு பயந்த ஆள் வேணும்."

இடது கால்வாய்க்காரர்

இந்த அணையைக் கட்டினது நெல்லுக்காக. வலது கால்வாய் இந்தப் பக்கத்து வயல்களுக்கு. இடது கால்வாய் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு வயல்களுக்கு. இப்போது அந்த இடது கால்வாய் எல்லை வரைக்கும் போய், அங்கே காய்ந்து கிடக்கிறது. ஏன் என்று கேட்டால், அது இரண்டு சர்க்கார் தகராறு, கவுண்டரில் பேசுகிற விஷயமல்ல என்பார்கள். ஆனால் எல்லோரும் கவுண்டரில்தான் கேட்கிறார்கள்.

எல்லைக்கு அந்தப்புறத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். வெள்ளை வேட்டி, தோளில் ஈரிழைத் துவர்த்துத் துண்டு. பூங்காவையோ முதலைப் பண்ணையையோ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நேரே போய் நீர்மட்டத்தைப் பார்ப்பார் (தண்ணீருக்கு இங்கெல்லாம் வெள்ளம் என்று பேர்), திரும்பிவிடுவார். முதல் தடவை டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்: "எங்க வயலுக்கு வரவேண்டிய வெள்ளத்தைப் பாக்கதுக்கு நான் டிக்கெட் எடுக்கணுமா, மக்களே?"

என்ன சாகுபடி?

வலது கால்வாயில் தண்ணீர் வருகிறது. முறை வைத்துத் திறப்போம். முறை தவறினால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். அதில் ஒரு சேச்சி விடாமல் கூப்பிடுவாள். வெள்ளம் எப்போ வரும், நாளைக்கா, உறுதியா, முழுசா வருமா என்று அவள் கேட்கும்போது எனக்கே ஒரு பதைப்பு வந்துவிடும். பாவம், நாற்று வாடுகிறதோ என்னவோ. இரண்டு தடவை அவளுக்காக ஓவர்சியர் சாரிடம் சிபாரிசுகூடச் செய்தேன்.

ஒரு நாள், ஓர் அக்கறையில், என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வயல் இருந்த இடத்திலெல்லாம் ரப்பரும் வீடும் வந்து ரொம்ப நாளாகிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. சேச்சி சொன்னாள்: "கிருஷியா? எனக்கு ஒரு ஆட்டோவும் நாலு பாயும் உண்டு மோளே, கழுவணும்."

எந்தப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும்?

மழைக்காலத்தில் அணை நிரம்பினால் ஷட்டரைத் திறந்து தண்ணீரை ஆற்றில் விடவேண்டும். முதலில் சைரன், அப்புறம் என் அறிவிப்பு, மூன்று பாஷையிலும். ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேலே ஏறவேண்டும், குளிப்பவர்கள் கரையேறவேண்டும். அதற்குப் பிறகுதான் ஷட்டர்.

முதல் தடவை சைரன் ஊதினபோது மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் பரிசு வாங்கிய குரலல்லவா, ஒரு வார்த்தை பிசகாமல், அழகாக ஏற்றி இறக்கி, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தேன். முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால், ஊர் முழுக்க அணையை நோக்கி ஓடி வருகிறது. குடைகள், ஸ்கூட்டர்கள், தோளில் குழந்தைகள், கடலை வண்டி. ஷட்டர் திறப்பதை யாராவது தவறவிடுவார்களா? மலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருந்தது.

அந்தக் குடும்பத்து அம்மாவிடம், ஐயோ, தள்ளிப் போங்கன்னுதானே சொன்னேன் என்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "தமிழ்ல அன்பா கூப்பிட்டீங்களேன்னுதான் தாயி வந்தோம். எந்தப் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்?"

வீட்டுக் குரல்

இவ்வளவு நேரம் சிரித்தாயிற்று. சிரிக்க முடியாத நாளும் ஒன்று உண்டு.

மின்னு போகும் அங்கன்வாடி ஆறு வளைகிற இடத்தில், தாழ்வாக இருக்கிறது. நல்ல மழையென்றால் அதற்கு லீவு. ஆனால் அந்த ஐப்பசி நாளில் எங்கள் ஊரில் வெயில். மழையெல்லாம் கிழக்கே, மலைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் கண்ணெதிரே ஏறியது. வழக்கத்தைவிட உயரத் திறக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆத்துக்காரர் கையில் ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு, அக்கரையில் அறிவிக்க ஜீப்பில் போயிருந்தார். சைரன் ஊதியது. அங்கன்வாடி டீச்சருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன். நீ ஓடிப் போய்ச் சேர்வதற்குள் மைக் போய்ச் சேரும், உட்கார் என்றார் ஓவர்சியர் சார். வாட்ச்மேனை ஸ்கூட்டரில் அனுப்பினார். குழந்தைகள் மேலே வந்தது தெரியாமல் ஷட்டரைத் தொடமாட்டேன், ஆனால் ரொம்ப நேரம் பிடித்து வைக்க முடியாது என்றார். அவர் முகத்திலும் வேர்வை.

"அன்பார்ந்த" வரைக்கும் வாசித்தேன். அதற்குமேல் எலக்யூஷன் குரல் வரவில்லை. வந்தது, தினமும் காலையில் எங்கள் வீட்டில் கேட்கிற குரல்: "மின்னு! விளையாடினது போறும். செருப்பைப் போட்டுண்டு மேலே ஏறி வா. எல்லாரையும் கூட்டிண்டு வா. இப்போ நான் அங்கே வந்தேன்னா நடக்கறதே வேற!"

அதையே சொன்னேன், திரும்பத் திரும்ப, எட்டு ஊருக்குக் கேட்கும்படி. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த ஆண்கள் துண்டை எடுத்துக்கொண்டு கரையேறினார்கள். கடலை வண்டிக்காரர் வண்டியைத் திருப்பினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. கடைசியில், ரோட்டுத் திருப்பத்தில் ஒரு சின்ன வரிசை தெரிந்தது. ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு குழந்தைகள். பின்னால் கையில் கரண்டியோடு டீச்சர். அவளுக்கும் பின்னால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன். டீச்சர் தலை எண்ணி, எல்லோரும் உண்டு என்று கை ஆட்டின பிறகுதான் சார் ஷட்டர் ஆட்களுக்குச் சைகை காட்டினார். அன்றைக்கு அங்கன்வாடிப் படிக்கட்டு தண்ணீருக்குள் போயிற்று.

டீச்சர் அடுக்களையில் பயறு தாளித்துக்கொண்டிருந்தாளாம். சைரன்தானே, எப்போதும் ஊதுவதுதானே என்று இருந்துவிட்டாளாம். மின்னுதான் எழுந்து வாசலுக்குப் போய், அம்மா வழக்கு சொல்கிறாள், எல்லாரும் வாங்க என்று கூப்பிட்டாளாம். இங்கே வழக்கு என்றால் திட்டு.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். கீழே இறக்கிவிட்டுத் தலையிலிருந்து கால் வரைக்கும் தடவிப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு காலை மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு செருப்புதான் கெடைச்சது அம்மா. இன்னொண்ணுக்கும் மைக்லதான் திட்டுவியா?"

பயப்படுவதற்கும் திட்டுவதற்கும் மாதச் சம்பளம் கொடுக்கிற ஆபீஸ் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த அம்மாக்கள் எல்லோரும் முன் அனுபவத்தோடு காத்திருக்கிறார்கள்.