ஒல்லாந்தருக்குக் கண் திறந்த காலை

சந்தைக்கு எதிரேயுள்ள சிறு பூங்காவில் மூன்று சீமெந்துச் சிலைகள்: போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். நாட்டுக்கு வந்த அதே வரிசை. தொழில்நுட்ப உத்தியோகத்தராக நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலை அது. மறுநாள் பத்து மணிக்குத் திறப்புவிழா. அதற்கு முன் நான் வேலை பூர்த்தி என்று கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் விழாவும் இல்லை, என் நிரந்தர நியமனமும் அந்தரத்தில்தான்.

குறைகளைப் பட்டியலிட்டேன். ஒன்று, போர்த்துக்கேயரின் சப்பாத்தில் வெடிப்பு. இரண்டு, ஒல்லாந்தருக்குக் கோயில் வாயிற்காவலரின் மீசை, திருத்த நேரமில்லை. மூன்று, மூவருக்கும் கண் இல்லை.

"அண்ணை, கண் எங்கை?"

சிற்பி அதுவரை கோபுரச் சிலைகள் மட்டுமே செய்தவர். "கண் கடைசியிலைதானே மிஸ். நேரம் பாத்துத்தான் திறக்கிறது. உவையின்ரை நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ."

"ஒல்லாந்தருக்கும் நட்சத்திரமோ?"

"நட்சத்திரம் இல்லாமல் ஆர் பிறந்தது? கண்டபடி கண் திறந்தால் பேந்து ஒரு கோயிலும் எனக்கு வேலை தராது."

மூவருக்கும் தனித்தனி நட்சத்திரம் என்றால் அடுத்த கிழமை வரை இழுபடும். நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சீமெந்துக் கலவை விகிதத்துக்குக் கீழே பென்சிலால் என் நட்சத்திரத்தை எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"மூண்டு பேரும் சதயம் அண்ணை. பிளானிலை கிடக்கு."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே!" பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "நாளைக்கு விடிய ஏழு பத்து. கண் திறந்தவுடனை முதல் பார்வை பசுவிலை விழவேணும். மாடு உங்கடை பொறுப்பு."

பட்டியலில் நான்காவது: மாடு.

காலையில் எங்கள் அயல்வீட்டு மாமி எங்கள் ஊரான உடுவிலிலிருந்து தன் பசுவை நடத்திக்கொண்டு வந்தார். சிற்பி ஏணியில் ஏறிப் போர்த்துக்கேயருக்குக் கருவிழி வைத்தபோது பசு நேரே நின்றது. ஒல்லாந்தரின் முறை வந்தபோது அது வலப்பக்கம் போய்ச் செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்றுகொண்டிருந்தது. மாடு நிற்கும் திசைதான் முக்கியம் என்று சொல்லி, சிற்பி விழிகளை வலப்பக்க ஓரத்தில் வைத்தார். ஆங்கிலேயரிடம் வருவதற்குள் பசு படுத்துவிட்டது.

"அம்மா, மாட்டை எழுப்புங்கோ!"

"சினைமாடு தம்பி. அது நினைச்சால்தான் எழும்பும்."

ஆங்கிலேயர் தரையைப் பார்த்தார்.

நான் படிவத்தை நிரப்பினேன். கண்கள்: ஆறு. சரி. அவை எங்கே பார்க்க வேண்டும் என்று படிவத்தில் கேட்கவில்லை. கையெழுத்திட்டேன்.

பத்து மணிக்குப் பிரதம விருந்தினர் திரையை விலக்கினார். மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "பிள்ளை, உவை என்னத்தைப் பாக்கினம்?" என்று கேட்டார்.

"எங்கடை வளங்களைத்தான் சேர்."

அவர் தலையாட்டினார். மேடையில் அதையே தன் கருத்தாக இரண்டு தரம் சொன்னார். பலத்த கைதட்டல்.

எனக்கு நியமனம் கிடைத்தது. மாமி மட்டும் இன்றைக்கும் சந்தைக்கு வருகிறவர்களை நிறுத்தி, "மூண்டு வெள்ளைக்காரரும் என்ரை மாட்டையெல்லே பாக்கினம்" என்கிறார்.

தொழில்நுட்ப ரீதியாக அது சரி.