கிறிஸ்துமஸ் வரிசையில் கிடந்த தாள்

பவுலா டீச்சரைப் பற்றி யார் எழுதினாலும் என்னை விட்டுவிட்டு எழுத முடியாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கூலிவேலை பார்த்து ஒரு பழைய மெஷின் வாங்கினேன். இன்று பாறசாலையில் மூன்று மெஷின் ஓடுகிற போட்டோஸ்டாட் கடை எனக்கு உண்டு. யாருடைய சிபாரிசும் இல்லை.

பவுலா கொல்லயில் என்ற ஊர்க்காரி. அப்பா அம்பூரியில் ரப்பர் பால் வெட்டினார். இவள் படித்து, தமிழ்ப் பள்ளியில் தினக்கூலி டீச்சராகி ஒன்பது வருடம். ஹெச்.எம். வேண்டாம் என்றால் மறுநாள் வேலை இல்லை.

கேரள எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பயிற்சித்தாள் கிடைப்பது பெரும்பாடு. டீச்சர்மார் என் கடையில் நின்று போனைத் துழாவுவார்கள். அதைப் பார்த்து இவள் ஒரு வெப்சைட் உண்டாக்கினாள். முதலில் மொழித்திறன், சிந்தனைத்திறன் என்று தலைப்புப் போட்டிருந்தாள்.

"மக்கா, சிந்தனைத்திறன் இருவது காப்பி தாங்கன்னு ஒரு டீச்சரும் என்கிட்ட கேட்டதில்ல. மூணாம் கிளாஸ், தமிழ், இன்ன பாடம். அப்படி அடுக்கு" என்றேன்.

அப்படியே அடுக்கினாள். கறுப்பு மையில் தெளிய வேண்டும், ஒரு தாளில் அடங்க வேண்டும் என்பதும் என் யோசனைதான். கடைசியில் நட்சத்திரப் படம், கேரல் பாட்டுக்காக 'கிறிஸ்துமஸ்' என்று ஒரு வரிசை. சுற்றுவட்டத்தில் நாலு தமிழ்ப் பள்ளி; அவற்றின் பன்னிரண்டு டீச்சர்மாரும் தாங்களே தாள் ஏற்றலாம். யாரும் திறந்து எடுக்கலாம்.

போன டிசம்பரில் ஒரு காலை. சபையின் ஞாயிறு பள்ளிக்கு நட்சத்திரம் எடுக்கத் திறந்தேன். 'கிறிஸ்துமஸ், ஐந்தாம் வகுப்பு' என்று கிடந்தது. உள்ளே என்ன என்று பார்க்காமல் பிரிண்ட் அமுக்கினேன். வந்தது கணக்கு வினாத்தாள். மேலே, வருகிற வியாழக்கிழமையின் தேதி.

எங்கள் நாட்டில் அரையாண்டுத் தேர்வுக்குக் கிறிஸ்துமஸ் பரீட்சை என்றுதான் பேர். நாலு பள்ளிக்கும் தாள் தயாரிக்கும் ஜெனிஸ் சார், டீச்சர்மார் மட்டும்தான் எடுப்பார்கள் என்று நம்பி அதை அங்கே ஏற்றிவிட்டார்.

நான் எதற்கும் கலங்குகிற ஆள் இல்லை. ஆனால் அன்று சட்டை முதுகில் ஒட்டியது. தாள் வெளியானால் முதலில் கேட்பது, மெஷின் யாருடையது என்றுதானே. பவுலாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க நிக்க மக்கா?"

"பஸ்ஸில மாமா."

"கிறிஸ்துமஸ்ல பரீட்சைத் தாள் கிடக்கு."

"எத்தன பேரு எடுத்தாங்கன்னு கீழ இருக்கும், பாருங்க."

"ஏழு. அதுல ஒண்ணு நானாக்கும்."

வழியில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தாள். தாளை சைட்டிலிருந்து நீக்கினாள். பிறகு ஒவ்வொருவராக அழைத்தாள். ஜெனிஸ் சார் மட்டும் எகிறினார்: "நீங்கதான கிறிஸ்துமஸ்னு போட்டிய? பின்ன ஓணத்துலயா நான் கொண்டு போடுவேன்?"

அவரோடு சேர்த்து ஐந்து டீச்சர்மார் எடுத்திருந்தார்கள். என்னோடு ஆறு. ஏழாவது ஆள் யாரென்று தெரியவில்லை.

"நீக்கியாச்சுல்லா. பேசாம இரு" என்றேன்.

"ஏழாமத்த ஆளு ஒரு பிள்ளைக்க அப்பனா இருந்தா?" என்றாள். உதடு வெளுத்திருந்தது. "வேல போனா போட்டும் மாமா. ஹெச்.எம். கிட்ட நானே போய் சொல்லுதேன். நீங்க கூட வாங்க, போதும்."

ஹெச்.எம். சுகுமாரி டீச்சர் நான் எடுத்த தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் எனக்கு மெஷின் சத்தம்போல் கேட்டது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆறு பேரு டீச்சர். ஒராள தெரியாது" என்றாள் பவுலா.

"ஜெனிஸ வரச் சொல்லு. இண்ணைக்கே வேற தாள் போடட்டு. பரீட்ச கழியது வர அந்த சைட்ட பூட்டி வை." பிறகு மெல்லச் சொன்னார்: "வேற ஆளு சொல்லி நான் அறிஞ்சிருந்தா, நாள முதல் நீ வரண்டாம்னு சொல்லியிருப்பேன். போயி கிளாசெடு."

பவுலா எழும்பவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் விடவில்லை. தைரியம் சொல்லி எழுப்ப வேண்டியவன் நான்தான். ஆனால் நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.