காளான் பவளமும் சித்தப்பாவின் ஞாபகமும்

எங்கள் ஊரில் வெள்ளைக் கல்லைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர் யாரும் கிடையாது. எடுத்து ஒரு நக்கு நக்கிப் பார்ப்பார்கள். ஈரம் பட்டால் உள்ளே ஓடும் மஞ்சள் கோடு தெரியுமாம். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு ஊரிகத்தில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த எனக்கும் அந்தப் பழக்கம் தப்பவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை, பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோன அலமாரிப் பொருள்களை சயின்ஸ் மிஸ் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அது என்ன, எந்த வகை என்று திங்கட்கிழமை எழுதி வர வேண்டும். நன்றாக எழுதினால் அந்தப் பொருள் கோலாரில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்குப் போகும். எனக்கு வந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வட்டம். காளானைக் கவிழ்த்து வைத்த மாதிரி, நடுவில் ஒரு கீறல், அதிலிருந்து விளிம்பு வரை மெல்லிய தகடுகள். வீடு வருவதற்குள் மூன்று முறை நக்கிவிட்டேன். மஞ்சள் தெரியவில்லை. ஆனால் சந்தேகம் போகவில்லை.

ஞாயிறு மத்தியானம் சித்தப்பாவின் சுத்தியலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஒரே போடுதான். கால்வாசி தனியாக விழுந்தது.

சத்தம் கேட்டுச் சித்தப்பா வந்தார். சுரங்கம் மூடும் வரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். இப்போது தினமும் ரயிலேறி பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவர்.

"இன்னா பாப்பா, மைன்ஸுக்குப் புது ஷாஃப்ட் எறக்குறியா?"

"தங்கம் இருக்குதான்னு பாத்தேன்" என்று அழுதேன்.

"இல்லன்னு மைன்ஸையே மூடிட்டாங்க. உனக்கு மட்டும் கெடைச்சிடுமா?" உடைந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பினார். "இது கல்லே இல்ல போல. தங்கம் ஓடுற குவார்ட்ஸ் கல்லு கண்ணாடி மாதிரி ஒடையும். இது தட்டு தட்டா நிக்குது பாரு."

அழுகையை அப்படியே விட்டுவிட்டு அவருடைய போனைப் பிடுங்கித் தேடினேன். காளான் பவளம்! கல் பவளங்களில் ஒரு வகை, ஜெல்லி மீனுக்குத் தூரத்துச் சொந்தம். மற்ற பவளங்களில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் உயிர்கள் கூட்டமாக ஒட்டியிருக்கும். இதில் முழு வட்டமும் ஒரே உயிர். சின்னதில் காம்பில் நின்று, வளர்ந்ததும் கழன்று மணலில் தனியாகக் கிடக்கும். நடுவிலிருந்த கீறல் அதன் வாய் இருந்த இடம். பெரிய தகடுகள் ஆறு, இடையில் ஆறு, அவற்றின் இடையில் பன்னிரண்டு என்று ஆறின் கணக்கில்தான் வளருமாம்; வகைப்படுத்துகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்களாம். கத்திக்கொண்டே எண்ணினேன்.

"அந்த உயிரு எங்க இப்போ?"

"செத்துப்போச்சு சித்தப்பா. இது எலும்பு மாதிரி."

"அப்ப நேத்துலேர்ந்து எலும்பையா நக்கிட்டு இருந்த?"

திங்கட்கிழமை சித்தப்பா ரயிலுக்குப் போகவில்லை. என்னோடு பள்ளிக்கு வந்தார். பேப்பர் பொட்டலத்தைப் பிரித்ததும் மிஸ்ஸின் முகம் மாறியது. கண்காட்சி போச்சு என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"நான்தாங்க ஒடைச்சிட்டேன் மிஸ். மைன்ஸ்ல வேலை செஞ்ச கை. வெள்ளைக் கல்லைப் பாத்தா சும்மா இருக்காது."

மிஸ் அவரை நிற்க வைத்தே திட்டினார். வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போலச் சித்தப்பா தலையைக் குனிந்து நின்றார். பிறகு மிஸ் நான் எழுதி வந்த சீட்டைப் படித்தார். இரண்டு முறை படித்தார். உடைந்த பக்கத்தில் தகடுகள் நன்றாகத் தெரிகின்றன, இப்படியே கோலாருக்கு அனுப்பலாம் என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் வாசல் வரை போய்ச் சித்தப்பாவை நிறுத்தினேன். "சித்தப்பா, ஒடைச்சது நான்தானே?"

"அப்படியா?" தாடையைச் சொறிந்தார். "எனக்கு ஞாபகமே இல்லியே பாப்பா."

நேற்று நடந்ததே மறந்துபோகிறது, சித்தப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அன்று சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். ஒரு நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது. வெண்டைக்காய் தின்றால் ஞாபகசக்தி கூடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், அம்மாவை நச்சரித்து அந்த வாரம் முழுக்க வெண்டைக்காய் செய்யவைத்து, என் பங்கையும் அவர் தட்டில் போட்டேன். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றார்.

அவருக்கு வெண்டைக்காய் அறவே ஆகாது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.