அத்தையின் வாய் அடங்கிய காலம்

பீரோவின் அடித்தட்டில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் கிடக்கிறது. என் மாமனார் குன்னூரில் வேலை பார்த்த நாட்களில் வாங்கியது. இடது முழங்கையில் வேறு நிற நூலால் தைத்த ஒட்டு இருக்கும். ஆம்பூரில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். எழுபதுகளின் கடைசியில், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானத்தில், என் மாமியார் அதைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபேனை நிறுத்தச் சொல்லியிருந்தார். நாங்களெல்லாம் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, அவர் நெற்றியில் ஈரமே இல்லை. "வயசாச்சுன்னா குளிர் தாங்காது" என்றார் என் கணவர். வீட்டில் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அத்தை மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாயைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் துணி காயப்போட்டதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, துணி போட்டிருக்கியா, குருவிக்குக் கூடு கட்டியிருக்கியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்றைக்கு உள்ளே போய் அழுதேன். எதிர்வீட்டு பாய் தோல் வியாபாரி. அவருடைய லாரி உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிற்கும். நாற்றத்தோடு உப்புத் தண்ணீரும் சொட்டும். அத்தை வாசல்படியில் தலையைக் காட்டினால் போதும், டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவான். சபையிலும் இதே கதைதான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யார் எழுந்து பேசினாலும் அவரிடம் மூக்குடைபடாமல் உட்கார்ந்ததில்லை. அவர் வராத வாரங்களில், அவருடைய நாவு அடங்க வேண்டுமென்று அந்தப் பெண்கள் பெயர் சொல்லியே ஜெபித்தார்கள். அது அத்தையின் காதுக்கும் வந்தது. "ஜெபிக்கட்டும், தொண்டை அவங்களுக்குத்தான வலிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார். என்றைக்கு ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. குரல் கரகரத்தது. ஒரு வார்த்தை சொன்னால் அடுத்தது வர நேரமெடுத்தது. முகம் லேசாக உப்பி, சுருக்கங்கள் மறைந்து, பார்ப்பதற்குச் சாந்தமாக ஆனார். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். கர்த்தர் கேட்டருளினார் என்று சங்கத்துப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். சாந்தகுணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த போதகர், பெயர் சொல்லாமல், நம் சபையின் மூத்த சகோதரி ஒருவரைப் பாருங்கள் என்றார். எல்லாரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளிகொண்டாவிலிருந்து வந்த என் நாத்தனார், "இப்பதான் அண்ணி இந்த வீட்டுக்கு மனுஷங்க வந்து போக முடியுது" என்றாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. யாருக்கு இருக்காது?

பாய் ஒருவருக்குத்தான் அது உறுத்தியது. ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, "இன்னா தங்கச்சி, பெரியம்மா ஊர்ல இல்லியா?" என்று கேட்டார்.

"உள்ளதான் பாய் இருக்காங்க."

"காலைலேர்ந்து லாரி நிக்குது, ஒரு திட்டு வரல. எனக்கே பேஜாரா இருக்குது. டாக்டர்கிட்ட காட்டும்மா."

நான் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன்.

நான் போய்வந்த இடம் வேலூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடம். அங்கே டெக்னீஷியன் வேலை. எங்கள் டாக்டருக்கு அப்போது ஒரே ஒரு கேள்விதான். நோய் வராமல் நம்மைக் காக்கும் எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு வயதான காலத்தில் ஆள் தெரியாமல் சொந்தக் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியையே தாக்குகிறது. சுரப்பி செத்துப்போனால் உடம்பு மந்தமாகிறது. வீட்டில் அதை முதுமை என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி எத்தனை பேரை நாம் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவர் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்த சோதனை ஆம்பூர்க்காரிக்கு அந்நியமாகப் படவில்லை. ஆட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களை, கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் இருக்கிற அதே துவர்ப்புச் சத்தில் ஊறவைப்போம். "உங்க ஊர்ல தோலப் பதப்படுத்துறாங்க, நாம ரத்தத்தப் பதப்படுத்துறோம்" என்பார் டாக்டர். பதமான அணுக்களின் மேல் தைராய்டுப் புரதத்தைப் பூசி, குழிகள் உள்ள தட்டில் முதியவரின் ரத்தம் உறைந்தபின் மேலே பிரிந்து நிற்கும் தெளிவோடு கலந்து வைப்போம். சுரப்பிக்கு எதிரி இல்லாத ரத்தமென்றால் அணுக்கள் குழியின் அடியில் சிறு பொட்டாகத் திரளும். எதிரி இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாய் விரித்ததுபோலப் பரவி நிற்கும்.

நோயாளிகளோடு ஒப்பிட, ஒரு வியாதியும் இல்லாத முதியவர்களின் ரத்தமும் வேண்டியிருந்தது. எங்கள் சபையில் கேட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து, ஓய்வுநாள் பள்ளி அறையில் பன்னும் காபியும் வைத்து ரத்தம் எடுத்தோம். முதல் ஆளாக எல்லாரும் முன்னே தள்ளியது அத்தையைத்தான். "அவங்களுக்கு இன்னா கொறச்சல், தங்கமா இருக்காங்க" என்றார் சங்கத்துச் செயலாளர். அத்தை ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். அந்தக் கை மத்தியானச் சூட்டிலும் பானைத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது.

அத்தையின் வரிசையில், எவ்வளவு நீர்த்த தெளிவை விட்ட குழியிலும் அணுக்கள் பாய் விரித்திருந்தன. டாக்டர் முதலில் நம்பவில்லை. ஆம்பூர்க்காரர்கள் தோலும் ரோமமுமாகப் புழங்குகிறவர்கள், ஆட்டு அணுவுக்கே இவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கலாம், தைராய்டு பூசாத அணுவை விட்டுப் பார் என்றார். பார்த்தேன். அந்த வரிசை முழுக்கச் சுத்தமான பொட்டுகள். எதிர்ப்பு ஆட்டு அணுவுக்கு இல்லை, அத்தையின் சுரப்பிக்குத்தான். அதற்கடுத்த ஞாயிறு டாக்டரே வீட்டுக்கு வந்தார். அத்தையை நாற்காலியில் முட்டிபோடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் திரும்பி வர யோசித்து யோசித்து வந்தது. சுரப்பி செத்துக்கொண்டிருப்பதற்கு அது அடையாளம், மற்ற சோதனைகளும் அதையே சொல்லின.

மாத்திரை கொடுக்க வேண்டும், இந்த வயதில் இதயம் தாங்க வேண்டும், அதனால் துளித்துளியாக ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். நாத்தனார் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "குடுக்கலன்னா இன்னா சார் ஆகும்? இப்ப நல்லாதான இருக்காங்க?"

"நல்லா இல்லம்மா. இப்படியே தூங்கிட்டே போவாங்க. ஒருநாள் எழுப்பினா எழுந்திருக்க மாட்டாங்க."

என் கணவர் மறுநாளே மாத்திரை வாங்கி வந்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் நானே மாத்திரை கொடுத்தேன். வாரங்கள் ஓடின. முகத்து உப்பல் வடிந்து சுருக்கங்கள் திரும்பின. ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், தெருமுனையிலேயே அத்தையின் குரல் கேட்டது. பாயின் லாரி டிரைவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். பாய் தன் வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை அதே வேகத்தில் என் பக்கம் திரும்பி, ஸ்வெட்டரைக் கழற்றி என் மேல் வீசினார். "இந்த வெயில்ல இத எனக்கு மாட்டி வுட்டது யாரு? தோய்ச்சு எத்தினி நாளாச்சு, இந்த நாத்தத்துக்குப் பொணமே எழுந்து ஓடும்!" தெரு பார்க்க அங்கேயே அழுதேன். என் கல்யாண வாழ்க்கையில் அவர் திட்டி நான் சந்தோஷமாக அழுதது அந்த ஒரு தடவைதான்.

மறு மாதம் சங்கத்துக்குப் போனார். உடம்பு தேறியதற்குக் கர்த்தருக்கு நன்றி கூறிச் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். அத்தை எழுந்து நின்றார். "ரெண்டு வருசம் நான் வாயத் தெறக்கல. பேசணும்னு உள்ள கெடந்து தவிச்சேன், வார்த்த வரல. செத்துக்கினு இருக்கேன்னு எனக்குத் தெரியும். உங்கள்ல ஒருத்தருக்காவது பயம் வந்துச்சா? எல்லாருக்கும் சந்தோஷம்தான வந்துச்சு. எனக்கு இன்னான்னு கேட்டவரு எதிர்வீட்டு பாய்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முடிவு ஜெபத்தை யார் செய்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு எண்பதுகளின் பாதிவரை இருந்தார், கடைசி வாரம்வரை யாரையும் விட்டுவைக்கவில்லை.

இப்போது அவருடைய அன்றைய வயது எனக்கு. கூடத்து நாற்காலி மாறிவிட்டது, ஃபேனும் மாறிவிட்டது. இந்தச் சித்திரையில் பீரோவில் எதையோ தேடப்போய் ஸ்வெட்டர் கைக்கு வந்தது. சும்மா போட்டுப் பார்த்தேன். இதமாக இருந்தது, கழற்ற மனமில்லை. அன்று மாலை வந்த விருந்தாளியிடம் என் மருமகள் அடுக்களையிலிருந்து சொல்வது கேட்டது: "எங்க அத்தை முன்ன மாதிரி இல்ல, இப்ப ரொம்ப சாந்தமாயிட்டாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாங்க, தங்கம்."

மறுநாள் காலை அந்த ஸ்வெட்டரோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நடந்தேன். தைராய்டு பார்க்க வேண்டும் என்றேன். இன்னா தொந்தரவு பாட்டி என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"வீட்டுல எல்லாரும் என்னை நல்லவள்னு சொல்றாங்கம்மா" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.